எல்லாருக்கும் 599

ஹாம் ரேடியோக்காரர்கள் இருவர் வானலையில் தொடர்பு கொண்டபின் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அட்டைக்கு கியூஎஸ்எல் என்று பெயர். தந்திக் காலத்துச் சுருக்கக் குறி அது. ‘நீ அனுப்பியது கிடைத்தது’ என்று அர்த்தம். தபால் கார்டு அளவில் இருக்கும். பெரிய எழுத்தில் அழைப்புக்குறி, அதற்குக் கீழே தேதி, நேரம், அலைவரிசை, மோர்ஸா பேச்சா என்ற விவரம், அப்புறம் ஆர்எஸ்டி. நான் சொல்ல வந்தது அந்த ஆர்எஸ்டி கட்டத்தைப் பற்றி மட்டும்தான்.

ஆர்எஸ்டி மூன்று இலக்கம். எவ்வளவு புரிகிறது என்பதற்கு 1 முதல் 5 வரை, எவ்வளவு பலம் என்பதற்கு 1 முதல் 9 வரை, மோர்ஸ் ஒலி எவ்வளவு சுத்தம் என்பதற்கு 1 முதல் 9 வரை. 339 என்றால் ரொம்பச் சிரமப்பட்டுத்தான் படிக்க முடிகிறது, சிக்னல் பலவீனம், ஒலி மட்டும் சுத்தம். 599 என்றால் பக்கத்து அறையிலிருந்து அனுப்பினதுபோல. அட்டையில் மற்றதையெல்லாம் கடிகாரமும் கருவியும் சொல்லிவிடும். இது ஒன்றுதான் மனிதக் காது சொல்வது.

அந்த ஒன்றில்தான் பொய் எழுதுகிறோம். ஒரு கட்டு அட்டையைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் 599, பேச்சு என்றால் 59. ‘உங்க அழைப்புக்குறி சரியா விழலை, திரும்பச் சொல்லுங்க’ என்று மூன்று தடவை கேட்டுவிட்டு நாலாவது தடவை ‘ஃபைவ் நைன், தேங்க்யூ’ என்பது ஹாம்களிடையே பழைய ஜோக். மோர்ஸில் 9 நீளம் என்பதால் அதற்குப் பதில் ‘என்’ எழுத்தைத் தட்டுவார்கள். பொய்யையும் சுருக்கியாச்சு.

போட்டிகளில் இதற்கு நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் முண்டியடிக்கும்போது நின்று எடைபோட நேரம் கிடையாது. ஆனால் அதையே லேபிளில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, சாட்சி என்று அனுப்புவதுதான் எனக்கு உறுத்துகிறது. 100 நாடுகளைத் தொட்டால் கிடைக்கும் டிஎக்ஸ்சிசி விருதுக்காகத்தான் பலரும் அட்டை சேர்க்கிறார்கள். அந்த விருதின் விதிகள் கேட்பது இரண்டு அழைப்புக்குறிகள், இடம், தேதி, நேரம், அலைவரிசை, முறை; ஆர்எஸ்டி கிடையாது. யாரும் சரிபார்க்காத கட்டத்தில் உண்மையை எழுத என்ன தடை?

நம்ம ஊர் சிற்றலை நேயர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு வானொலிகளின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு அட்டை வாங்கிச் சேர்த்தவர்கள் இங்கே நிறைய. ‘கேட்டேன்’ என்று மட்டும் எழுதினால் நிலையம் அட்டை தராது. எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி போனது, எந்தப் பாட்டு வந்தது, இடைஞ்சல் எவ்வளவு, சிக்னல் மங்கியதா என்று எழுத வேண்டும். கேட்டதற்கு அத்தாட்சி கேட்டதன் விவரம்தான். உரிமம் வைத்திருக்கும் ஹாமைவிட ஒரு இன்லேண்ட் லெட்டரோடு உட்கார்ந்த நேயர் கறாராக இருந்திருக்கிறார்!

மரியாதைக்குப் போடுற நம்பர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எதிராளி மெதுவாக அனுப்பணுமா, ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை சொல்லணுமா என்று முடிவெடுக்கத்தான் அந்த எண் உருவானது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அந்தமான் டிஎக்ஸ்சிசி கணக்கில் தனி இடம். வருஷக்கணக்கில் அங்கிருந்து யாரும் பேசாததால் உலகமே அந்த அட்டைக்காக அடித்துக்கொண்டது. 26-ம் தேதி காலை சுனாமி. அதற்கப்புறம் அதே கருவிகளில் போனது யார் உயிரோடு இருக்கிறார்கள், என்ன தேவை என்கிற தகவல். அந்த மாதிரி நேரத்தில் பாதிப் பெயர் காதில் விழுந்தும் ‘599’ என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழக்கம் வேறு, அவசரம் வேறு என்று நாக்கு தானாகப் பிரித்துக்கொள்ளும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அட்டையை இணையம் கொன்றுவிட்டது என்று புலம்புபவர்களோடு நான் சேரமாட்டேன். 2003-ல் வந்த ‘லாக்புக் ஆஃப் த வேர்ல்ட்’ இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு ‘பொருந்துகிறது’ என்கிறது, அவ்வளவுதான். தபால் கார்டும் அதற்கு முன்பே ரசீதாகிவிட்டதே. 2017-ல் வந்த எஃப்டி8 முறையில் நிலைமை தலைகீழ். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கியது. காதுக்கு எட்டாத சிக்னலைக்கூட கணினி பிரித்தெடுத்து, -17 டெசிபல் என்று அளந்து சொல்லும். அந்த எண் பொய் சொல்லாது. ஆனால் யாரும் எதையும் கேட்கவில்லை.

வியன்னாவில் இந்த அட்டைகளுக்கென்றே ஒரு ஆவணக் காப்பகம் இருக்கிறது, லட்சக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். பழைய அட்டைகளில் எந்த வால்வு, எத்தனை வாட், ஆண்டெனா எப்படிக் கட்டியது என்பதற்கெல்லாம் இடம் விட்டிருக்கும். ‘உங்க சிக்னல் ஏறி ஏறி இறங்குது’ மாதிரி ஒரு வரியைக் கையால் எழுத ஒரு மூலை இருக்கும். இப்போது வரும் பளபள அட்டைகளில் அந்த மூலையில் ‘நன்றி, 73’ என்று முன்கூட்டியே அச்சாகியிருக்கிறது.