அல்லாதவர்களின் பன்மை

மேசைகள் இருந்தன, நாய்கள் இருந்தன, பெண்கள் இருந்தார்கள். மூன்றுக்கும் போலிஷ் மொழியில் ஒரே வினைமுற்றுதான்: 'பிவி'. ஆண்கள் இருந்தால் மட்டும் 'பிலி'. நூறு பெண்கள் இருக்கும் அறைக்குள் ஓர் ஆண் நுழைந்தால் மொத்தக் கூட்டமும் 'பிலி' ஆகிவிடும்.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இலக்கண நூல்கள் வைத்திருக்கும் பெயர்கள்தான் என்னை உறுத்துகின்றன. முதலாவது 'ஆண்-மனிதப் பால்'. இரண்டாவது 'ஆண்-மனிதர் அல்லாத பால்'. இப்படிப் பெயரிடுவது நமக்குப் புதிதல்ல. அஃறிணையை அல் + திணை என்றுதானே பிரிக்கிறோம். ஆனால் தமிழ்ப் பன்மையில் பெண்கள் அந்த 'அல்'லுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். போலிஷில் நாயோடும் மேசையோடும் அந்தப் பக்கம். இத்தனைக்கும் ஒருமையில் அவளுக்குத் தனியாகப் பெண்பால் உண்டு. தனியே இருந்தால் பெண். நாலு பேர் சேர்ந்தால் 'அல்லாதவை'.

இது வெறும் வடிவம், இதில் அர்த்தம் தேடாதே என்பார்கள். ரோமன் யாகப்சன் ரஷ்ய வினைச்சொல் பற்றி 1932இல் எழுதிய கட்டுரையில் கழுதையை உதாரணம் காட்டினார். 'அஸ்லீத்ஸா' பெண்கழுதையை மட்டுமே குறிக்கும். 'அஸ்யோல்' இரண்டையும் குறிக்கலாம். ஒன்று குறியுள்ளது, மற்றது குறியற்றது. துல்லியமான கவனிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறைக்கு வரும்போது 'குறியற்றது' என்பது சத்தமில்லாமல் 'நடுநிலையானது' ஆகிவிடுகிறது.

அப்படி ஒரு நடுநிலை இல்லை என்பதற்குச் சாட்சி போலிஷ் இலக்கணத்திலேயே இருக்கிறது. பேராசிரியர்கள் என்பதற்கு முறையான பன்மை 'ப்ரொஃபெசொரோவியே'. அவர்களையே இளக்காரமாகச் சொல்ல வேண்டுமானால் 'தே ப்ரொஃபெசொரி'. உடனே வினையும் பெண்களுக்கும் நாய்களுக்கும் உரிய வடிவத்துக்கு மாறிவிடும். மொழியியலாளர்கள் இதற்கு 'இழிவு வடிவம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆணைத் தாழ்த்த அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் பாருங்கள். வெறும் வடிவத்தால் யாரையாவது திட்ட முடியுமா?

2012இல் போலந்தின் விளையாட்டுத்துறை அமைச்சர் யோவான்னா முஹா, தன்னை 'மினிஸ்த்ரா' என்று பெண்பாலில் அழைக்கச் சொன்னபோது கேலி கிளம்பியது. 2019 நவம்பரில் போலிஷ் மொழிக் கழகம், இத்தகைய பெண்பால் பெயர்களுக்குத் தேவை இருக்கிறது, கட்டாயம் மட்டும் இல்லை என்ற அளவுக்கு இறங்கி வந்தது. பெயர்ச்சொற்கள் நகர்கின்றன. ஆனால் இரண்டு மினிஸ்த்ராக்கள் சேர்ந்து ஒரு கூட்டத்தில் இருந்தால், வினை இன்னும் 'பிவி'தான்.