வாடகை ஜர்னல்

வல்லம் வடகால் சிப்காட்டைச் சுற்றி இன்ஜினீயரிங் காலேஜ்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் சுயநிதி. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரியில் ஆரம்பித்தது. சுமார் 13,000 ஜர்னல்கள், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சுயநிதி மாணவர்களின் அப்பாக்களும் வரி கட்டுகிறார்கள் சார்!

அந்தக் காலேஜ்கள் சொந்தக் காசில்தான் வாங்கவேண்டும். வாங்குவதாவது, வாடகை! முன்பு சந்தாவை நிறுத்தினாலும் பைண்டு பண்ணின பழைய வால்யூம்கள் பல்லி முட்டையோடு அலமாரியில் இருக்கும். இப்போது பல ஒப்பந்தங்களில் சந்தா நின்றால் பழைய இதழும் போச்சு. லைப்ரரியனிடம் மிஞ்சுவது காலாவதியான பாஸ்வேர்ட். காசு கொடுத்த வருஷத்து இதழ்கள் என்றைக்கும் நமக்கே என்று ஒரு வரி, கையெழுத்துக்கு முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.