மேற்குச் சுவரும் ஒரு டீஃபால்ட்டும்

சூரிய ஒளிக் கணக்குக்கு நான் பயன்படுத்துவது பைத்தானில் எழுதப்பட்ட பிவிலிப். இலவசம், நல்ல கருவி. ஆனால் அதன் மேல் எனக்கு ஒரு குறை உண்டு.

சாய்ந்த பரப்பில் விழும் ஒளி மூன்று வழியாக வருது: சூரியனிலிருந்து நேராக, வானத்தில் சிதறி, தரையில் பட்டுத் திரும்பி. முதலாவது வெறும் கோணக் கணக்கு. வம்பு இரண்டாவதில்தான். 1960களில் லியூவும் ஜோர்டனும் வானம் முழுக்க ஒரே பிரகாசம் என்று வைத்துக்கொண்டார்கள். கையால் கணக்குப் போடும் காலத்துக்கு அது நியாயமான எளிமை. ஆனால் வெளியே போய்ப் பாருங்க: சூரியனைச் சுற்றி வானம் வெளுத்துக் கண் கூசும், எதிர்ப்பக்கம் நீலமாக இருக்கும். 1980இல் ஹேயும் டேவிஸும் இதைக் கணக்கில் சேர்த்தார்கள். 1990இல் பெரஸ் குழுவின் மாடலில் அடிவானப் பிரகாசமும் உண்டு.

பிவிலிப்பில் இவை எல்லாமே இருக்கு. ஆனால் மொத்த ஒளியைக் கணக்கிடும் ஃபங்ஷனை மாடல் பெயர் சொல்லாமல் அழைத்தால், பழைய ஒரே-பிரகாச வானம்தான் வரும். அதே பிவிலிப்பின் மாடல்செயின் வழியாகப் போனால் ஹே-டேவிஸ் வரும். ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு விடை. எச்சரிக்கை எதுவும் வராது.

வித்தியாசம் பெரிசா? சதுர மீட்டருக்கு நேரொளி 700 வாட், சிதறொளி 150 வாட் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். சென்னையில் 13 டிகிரி தெற்கே சாய்ந்த பேனலில், மார்ச் மாதச் சமநாள் நண்பகலில், சிதறொளி பழைய முறையில் 148, ஹே-டேவிஸில் 151. இதை விட்டுடலாம். இப்போது மேற்குச் சுவர்: சூரியன் நேர் எதிரே, 30 டிகிரி உயரத்தில். பழைய முறையில் 75, ஹே-டேவிஸில் 170! மொத்த ஒளியில் இது சுமார் 13 சதவீத வித்தியாசம்.

ஆக, கூரைக்குச் சரியாக வரும் டீஃபால்ட்டை நம்பி அதையே சுவருக்கும் போட்டால், மாலை வெயில் குறைவாகத் தெரியும். அந்த எண்ணை வைத்துத்தான் ஒருவர் ஜன்னலுக்கு மறைப்பு வேண்டாம் என்றோ, சின்ன ஏசி போதும் என்றோ முடிவெடுப்பார். அப்புறம் அந்த அறையில் இருப்பவர்தான் வேகணும்.

ஹே-டேவிஸ்தான் முழு உண்மை என்று சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு தோராயம்தான். எந்த டீஃபால்ட் எது என்பது ஆவணத்தில் தெளிவாக எழுதியிருப்பதும் உண்மை. ஆனாலும் விடையை இவ்வளவு மாற்றும் தேர்வுக்கு டீஃபால்ட்டே இருக்கக் கூடாது. மாடல் பெயர் தராவிட்டால் ஃபங்ஷன் எரர் தரட்டும். அதுவரைக்கும், சுவரோ ஜன்னலோ என்றால் மாடல் பெயரை நீங்களே எழுதிக் கொடுங்க.