ஆறு மணி நேரம் என்பது அதிகம்

2023 ஜூன் 17 இரவு. அமெரிக்காவின் வட கரோலினாவில், மோர்ஹெட் சிட்டி துறையில் எடை போட்டபோது அந்த நீல மார்லின் 619.4 பவுண்டு காட்டியது. ஏறக்குறைய 281 கிலோ. பிக் ராக் மீன்பிடிப் போட்டியின் கடைசி நாள் அது. அதுவரை முன்னணியில் இருந்த ‘சுஷி’ படகின் மீன் 484.5 பவுண்டுதான். ஆகவே இதைப் பிடித்த ‘சென்சேஷன்’ படகுக்கு 35 லட்சம் டாலர், நம் கணக்கில் 28 கோடி ரூபாய்க்கு மேல், உறுதி என்றே தோன்றியது. மறுநாள் மீன் செல்லாது என்று அறிவித்தார்கள். சுறாவோ வேறு கடல் உயிரியோ கடித்துச் சதையைப் பிய்த்திருந்தது. பரிசு ‘சுஷி’க்குப் போனது.

அநியாயம் என்று கூச்சல் எழுந்தது. சதை போனால் எடை குறையத்தானே செய்யும், அதில் பிடித்தவருக்கு என்ன லாபம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூண்டில் விளையாட்டு எடையை மட்டும் பார்ப்பதில்லை. 1939-ல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, சண்டை நடக்கும்போது ராடை வேறொருவர் தொட்டாலே மீன் செல்லாது. ஒரு ஆள், ஒரு ராடு, ஒரு மீன். சுறா கடித்த மீன் எவ்வளவு வலு இழந்தது, எந்த நிமிடத்தில் இழந்தது என்று அளக்க வழியில்லை. அளக்க முடியாததால்தான் விதி அதைக் கேட்பதே இல்லை. சதை கிழிந்திருந்தால் போதும். என் பார்வையில் தீர்ப்பு சரி.

அலச வேண்டியது தீர்ப்பை அல்ல, ஆறு மணி நேரத்தை. அந்த மீனைப் படகேற்ற ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரத்தமும் துடிப்பும் அவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தால் சுறா வராமல் என்ன செய்யும்?

சண்டை ஏன் இவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதற்கு ரீலில் விடை இருக்கிறது. 80 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு என்று வைத்துக்கொள்வோம். டிராக்கை, அதாவது ரீலின் பிரேக்கை, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு, 26 பவுண்டு அளவில் இறுக்குவது வழக்கம். மார்லின் பாய்ந்து ஓடும்போது ரீலில் சுற்றியிருக்கும் நரம்பு மெலிகிறது. சுற்றின் குறுக்களவு பாதியானால், டிராக்கைத் தொடாமலே இழுவிசை இரு மடங்காகி 52-ஐத் தொடும். தண்ணீரில் பல நூறு மீட்டர் நரம்பு வளைந்து கிடப்பதன் சுமை வேறு. அனுபவமற்றவர் இந்த நேரத்தில் இன்னும் இறுக்குவார், நரம்பு அறுந்துவிடும். தேர்ந்தவர் தளர்த்துவார். ஆனால் தளர்த்தினால் மீனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். கேப்டன் படகைப் பின்னோக்கி ஓட்டி நரம்பை மீட்டுக்கொடுக்காவிட்டால் நாற்காலியில் அமர்ந்து ராடைப் பிடித்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

ராடின் கதையும் இதேதான். நீளமான ராடு நெம்புகோல் கணக்கில் மீனுக்கே சாதகம். அதனால்தான் ஆழ்கடல் ராடுகள் குட்டையாக, தடியாக இருக்கின்றன. ராடைத் தூக்கி மீனை ஏற்றுவது, தாழ்த்தும்போது சுற்றுவது. மீன் இறங்கிப்போய் ஆழத்திலேயே செத்துவிட்டால் இந்த வேலை கிணற்றில் விழுந்த எருமையைத் தூக்குவது போலாகும்.

1935-ல் பஹாமாஸின் பிமினி தீவில் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே பேர் வாங்கியதும் இந்த நேரக் கணக்கில்தான். அங்கே ராட்சத சூரை மீன்களைச் சுறாக்கள் தின்றது போக எலும்பும் தலையும்தான் படகேறும். சுறா கூடுமுன்னே முடிக்க வேண்டும் என்று, மீனுக்கு ஓய்வே கொடுக்காமல் இழுத்து, சிதையாத சூரையை அவர் ஏற்றினார்.

பெரிய மீன் என்றாலே நேரம் ஆகும் என்பதும் இல்லை. 1953 ஆகஸ்டில் பெரு நாட்டின் கபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாஸல் பிடித்த கருப்பு மார்லின் 1,560 பவுண்டு. ‘சென்சேஷன்’ மீனைப் போல இரண்டரை மடங்கு. அவருக்கு ஆன நேரம் ஒரு மணி நேரம் 45 நிமிடம்தான். அந்த மீன் மேலேயே துள்ளித் துள்ளிக் களைத்தது என்பது அவருடைய அதிர்ஷ்டம். கனமான நரம்பில் விடாமல் அழுத்தம் கொடுத்தது அவருடைய வேலை. எழுபது ஆண்டுகள் கடந்தும் கருப்பு மார்லினில் அந்த எடைச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.