கறிவேப்பிலை வெளியே வரும் நாள்

கனடாவின் ஒஷாவாவில் கோடை ஜூன் 20 அல்லது 21இல் தொடங்குவதாக நாட்காட்டி சொல்லும். எனக்கோ வீட்டுக் கறிவேப்பிலைச் சாடி வெளியே போகும் நாள்தான் கணக்கு.

ஏழு மாதம் ஹீட்டர் காற்றில் இலையுதிர்ந்து, ஜன்னலோரம் நோயாளிபோல் நின்ற கன்று அது. மே 25க்கு முந்தைய திங்கள் விக்டோரியா தினம். அதற்குள் உறைபனி ஓய்ந்துவிடும் என்பது இங்குள்ள தோட்டக்காரரின் நம்பிக்கை. அன்றிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கேட்பா: "தம்பி, கன்றை வெளியில விட்டாச்சோ?" உடனே வெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு கிழமை நிழலில் பழக்க வேண்டும். ஊரில் கிணற்றடியில் தானாய் வளர்ந்த மரத்துக்கு இங்கே இவ்வளவு உபசாரம்!

லைலாக் மணம் மே கடைசியில் தெருவுக்கே வந்துவிடும். ஜூனில் ஒஷாவா தாவரவியல் பூங்காவில் பியோனிகள் மலரும். எனக்குப் பூவைவிட மொட்டுத்தான் பிடிக்கும்: அதில் கசியும் தேனுக்காக எறும்புகள் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

லேக்வியூ பூங்காவில் மட்டும் கோடை பிந்தித்தான் வரும். ஒன்டாரியோ ஏரி லேசில் சூடாகாது. நகரத்துக்குள் வியர்க்கும்போதும் கரையில் சுவெட்டர் தேவைப்படும். இரவு 9 மணி, இன்னும் வெளிச்சம். பிள்ளைகளை நித்திரைக்கு அனுப்ப முடியவில்லை.

சாடியில் முதல் துளிர் வந்திருக்கிறது. இன்னும் பிடுங்கவில்லை.