சில்லுக்கு ஒரு கட்டை

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் லொறி பழுதாகி நின்றால் முதலில் குதிப்பவர் கிளீனர். கையில் ஒரு மரக்கட்டை. பின்சில்லின் பள்ளப் பக்கத்தில் அதைச் செருகி, குதிகாலால் ஓர் உதை. ரப்பரில் மரம் முட்டும் அந்தத் 'தொப்' சத்தம் கேட்ட பிறகே சாரதி பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுப்பார்.

ஆப்பு வடிவம்தான் அதன் அழகு. சரிந்த முகம் டயரோடு ஒட்டும். வண்டி அழுத்த அழுத்த, அடிப்பக்கம் வீதியைக் கவ்வும். பழகிய கட்டையில் டீசல் வாசமும் டயர் வரிகளின் அச்சும் ஊறிக்கிடக்கும். விரல் நசுங்காதிருக்க ஒரு கயிற்றுப்பிடி. எடுப்பதற்கும் பொறுமை வேண்டும்: வண்டி ஓர் அங்குலமாவது மேலேறினால்தான் கட்டை தளரும். அதற்கு முன் இழுப்பவர் தொழிலுக்குப் புதியவர்!

தப்பியோடும் வாகனத்தை மடக்கப் பல நாட்டுப் பொலிஸார் விரிக்கும் முள்பட்டையும் நிதானத்தையே நம்புகிறது. துளையுள்ள ஆணிகள் டயரில் தைத்து, காற்றைச் சிறுகச் சிறுகக் கசியவிடும். டயர் வெடித்து வண்டி புரளாதிருக்க அந்த ஏற்பாடு. கொழுந்து மடுவத்தடியில் நிற்கும் லொறிக்கு ஒரு மரத்துண்டே போதும்.

கட்டை இல்லாதவர்கள் கல் வைக்கிறார்கள். உருண்டைக் கல் புரளும், பாசிக் கல் வழுக்கும். புறப்படும்போது அதை நடுவீதியிலேயே விட்டுவிடாதீர்கள். மூடுபனிக்குள் பின்னால் மோட்டார் சைக்கிள் வரும்.