தகவலாளியின் குரலும் துறையின் பீரோவும்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கு, ஒப்பாரி பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம்; சொன்னால் அது அந்த ஒரு துறையின் குறையாகச் சுருங்கிவிடும். 1980களின் கடைசியில் சமர்ப்பிக்கப்பட்டது. கருநீலக் காலிகோ அட்டை, பொன்னெழுத்து, நானூறு பக்கத்துக்கு மேல் தட்டச்சு. அடிக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப 'ஒலிநாடா 7, பக்கம் ஆ' என்று வந்துகொண்டிருந்தது. அந்த ஏழாவது நாடாவைக் கேட்க முடியுமா என்று விசாரித்தேன். பல வருடமாக அங்கே வேலை பார்த்த உதவியாளர் சிரித்தார். "அதெல்லாம் பீரோவுல இருந்துச்சு சார். அய்யா ரிட்டயர் ஆனப்ப சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. தரமதிப்பீட்டுக்கு ஆளுங்க வர்றாங்கன்னு ரூமக் காலி பண்ணுனப்ப ரெண்டு சாக்குல கட்டிப் போட்டாங்க. நல்லா ஓடுனத மட்டும் பசங்க எடுத்துட்டுப் போயி சினிமாப் பாட்டு பதிஞ்சுக்கிட்டாங்க."

ஆக, நானூறு பக்கப் பிரதி ஒன்று தன்னைத் தாங்கி நிற்பதாகச் சொல்லும் ஒன்றை நோக்கி விரல் நீட்டிக்கொண்டே இருக்கிறது. காட்டுகிற இடத்தில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. மூலம் இல்லாத நகல் என்று சொல்லி போத்ரியாரைக் கூப்பிட்டுவிடலாம்தான். ஆனால் விஷயம் அவ்வளவு நேர்த்தியானதல்ல. இங்கே மூலம் இருந்தது. ஒரு கிழவி மூச்சுப் பிடித்துப் பாடியிருக்கிறாள். அதை நாம் தொலைத்தோம்.

தரவு என்றதும் நம் துறைக்காரர்களுக்கு அது விஞ்ஞானக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. நமக்கு ஏது தரவு, நமக்கு இருப்பது பாட்டும் கதையும்தானே என்பார்கள். சரி, அந்தப் பாட்டு ஆய்வேட்டில் எப்படி வருகிறது என்று பாருங்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாட மாட்டோம் என்று பெண்கள் மறுப்பார்கள் என்பது களத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதனால் பதிவு ஊருக்கு வெளியே, தோட்டத்திலோ கிணற்று மேட்டிலோ நடக்கும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்த இடத்தில் பாட்டு நின்று அழுகை ஆனது, யார் குறுக்கே புகுந்து அடியெடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் நாடாவில் இருக்கும். ஆய்வேட்டில் நான்கு நான்கு அடிகளாக, எதுகை மோனை பார்த்து வெட்டப்பட்ட ஒரு 'செய்யுள்' இருக்கிறது. பேச்சு வழக்கு பாதி திருத்தப்பட்டிருக்கும். 'பொருளற்ற ஒலிகள் நீக்கப்பட்டன' என்று சிலர் நேர்மையாக எழுதியும் வைப்பார்கள். எது பொருளற்றது என்று முடிவு செய்தது யார்? அந்த முடிவைத் திரும்பப் போய்ச் சரிபார்க்க இன்னொருவருக்கு ஒரு வழியும் இல்லை. சரிபார்க்க முடியாத ஒன்றை ஆராய்ச்சி என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்கும் இந்த ஒழுக்கம் நமக்குப் புதிதே அல்ல. எம்.ஏ. தமிழ் படித்த எல்லோரும் 'பாடபேதம்' என்ற சொல்லைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஒப்புநோக்கிய ஏடுகள் எவை, எங்கிருந்து, யாரிடமிருந்து கிடைத்தன என்று எழுதிவைத்தார். வேறுபட்ட பாடங்களைக் காட்டினார். அவர் தேர்ந்த பாடத்தை ஏற்காதவர்கூட அவர் விட்டுவைத்த தடயங்களைப் பிடித்துக்கொண்டே அவரோடு சண்டை போடலாம். அவர் மறைந்த மறுவருடம், 1943இல், அவர் பெயரில் ஒரு நூலகமே தொடங்கப்பட்டு ஏடுகள் போய்ச் சேர்ந்தன. இதே துறை, இதே பாடத்திட்டம், அடுத்த தாளில் நாட்டுப்புறவியல் என்று வந்ததும் அத்தனையையும் மறந்துவிடுகிறது. ஏட்டுக்கு ஒரு நீதி, குரலுக்கு ஒரு நீதி. எழுதப்பட்டதற்குப் பாடபேதம் உண்டு. பாடப்பட்டதற்கு, ஆய்வாளர் கேட்டதுதான் பாடம்.

நா.வானமாமலை 1964இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழக நிதி கிடையாது, கருவி கிடையாது. எஸ்.எஸ்.போத்தையா, கார்க்கி, சின்னப்ப பாரதி மாதிரித் தோழர்கள் ஊர் ஊராகக் கேட்டு எழுதியது. ஆனாலும் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும். சிலவற்றில் 'உதவியவர்' என்று ஒரு பெயரும் இருக்கும். பாட்டையே கொடுத்தவர் எப்படி 'உதவியவர்' ஆனார் என்று இன்றைக்கு நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. பிறகு இத்துறை பல்கலைக்கழகத்துக்குள் போனது, முறையியல் வந்தது, 'உதவியவர்' என்பவர் 'தகவலாளி' ஆனார். அந்தச் சொல்லைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். போலீசுக்குத் துப்புக் கொடுக்கிற ஆள் மாதிரி ஒலிக்கும். தகவலாளிக்குத் தெரிந்திருப்பது 'தகவல்' மட்டுமே. அறிவு என்பது ஆய்வாளர் அதை வகைப்படுத்திய பிறகு உண்டாவது. நாடாவைத் தூக்கிப்போடும் துணிச்சல் இந்தப் பிரிவினையிலிருந்து வருகிறது. சாறு பிழிந்தாகிவிட்டது, சக்கை எதற்கு?

தெரிதா இல்லாமல் ஆவணக்காப்பகம் பற்றிய கட்டுரையை இந்தப் பக்கங்களில் போடுவார்களா என்று ஒரு நண்பர் கிண்டல் செய்தார். அவருக்காகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் லண்டனில் நிகழ்த்திய உரையில் தெரிதா, அந்தச் சொல்லின் கிரேக்க வேர் ஆட்சியாளர்களின் வீட்டைக் குறிப்பதை எடுத்துக்காட்டினார். ஆவணம் அதிகாரியின் வீட்டில் இருக்கும். பாதுகாப்பவனும் விளக்கம் சொல்லும் உரிமை உள்ளவனும் அவனே. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்கு பீரோ, சாவி துறைத்தலைவர் மேசை டிராயரில். ஒரு வித்தியாசம் உண்டு. தெரிதாவின் அதிகாரி ஆவணத்தைக் காப்பாற்றவாவது செய்கிறான்.

வெளிநாட்டார் வந்து பதிவுசெய்து கொண்டுபோய்விட்டார்கள் என்ற புலம்பல் இங்கே நிரந்தரமாக உண்டு. அதில் நியாயமும் உண்டு. பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் பதிவுசெய்த அண்ணன்மார் கதை, தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையில் புத்தகமாக வந்தது 1992இல். நடுவில் இருபத்தேழு வருடம். ஆனால் வந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் எடுத்த இசைப் பதிவுகளின் பிரதிகள் இந்தியாவிலும் இருக்க வேண்டும் என்பதற்காக 1982இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் ஓர் ஒலிக்காப்பகத்தையே தொடங்கியது. கொண்டுபோனதில் ஒரு பகுதியாவது தேடினால் கிடைக்கிறது. எங்கேயும் போகாமல் நம் பீரோவிலேயே இருந்தது சாக்கில் போனது. இதற்கு எந்தக் காலனியத்தின் மீது பழி போடுவது?

சரி, குரலைக் காப்பாற்றிவிட்டால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வழக்கம்போல் 'தகவலாளர் பட்டியல்' இருந்தது: பெயர், வயது, சாதி, தொழில், ஊர். அதைப் பிடித்துக்கொண்டு, கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஊருக்குப் போனேன். பாடியவர் இல்லை, இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் கேட்டதே, "அம்மா கொரலு இருக்கா தம்பி?" என்றுதான். என்னிடம் இருந்தது நகலெடுத்த ஆறு பக்கம். வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பாதியில் நிறுத்தி, "இது அம்மா பாடுனது இல்லயே. இந்த எடத்துல ஒரு பேரு வரும்லா?" என்றார். நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட ஒருவரின் பெயர், அதைச் சொல்லி வைத தொடர்ச்சி. ஆய்வேட்டில் அந்த அடிகளே இல்லை. அதற்குப் பதில் சேர்ந்திருந்தது 'ஒப்பாரியில் உவமைகள்' என்ற இயலுக்குத் தோதான இரண்டு அடி. நான் பேனாவை எடுத்தேன். "எழுதாதீங்க தம்பி. அவுக பேரன்மாரு இங்கதான் இருக்காக."

அந்த நிமிடத்தில் என் வாதம் பாதி உடைந்தது. அந்த நாடா இருந்திருந்தால் ஆய்வாளர் மாற்றியதைப் பிடித்திருக்கலாம், உண்மை. அது எல்லோரும் கேட்கும்படி இருந்திருந்தால் அந்த ஊரில் அந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும்?

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரி, 2001 தொடங்கிச் சில ஆண்டுகள், வட அயர்லாந்துப் போராட்டத்தில் இருந்த முன்னாள் ஆயுதக்காரர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவுசெய்தது. சாகும்வரை வெளியே வராது என்ற உறுதியை நம்பிப் பேசினார்கள். 2011இல் பிரிட்டிஷ் தரப்பின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது. 2013இல் நாடாக்களில் ஒரு பகுதி வட அயர்லாந்துப் போலீசுக்குப் போனது. 2014இல் ஜெரி ஆடம்ஸ் கைதுசெய்யப்பட்டு, குற்றச்சாட்டு இல்லாமல் விடுவிக்கப்பட்டார். 'தகவலாளி' என்ற சொல் அங்கே தன் முழு அர்த்தத்தை அடைந்தது. கல்லூரி கொடுத்தது தன்னால் காப்பாற்ற முடியாத வாக்கு.

இங்கே நிலைமை தலைகீழ். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டுவந்ததிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் 'சோத்கங்கா'வுக்குப் போகின்றன. நல்ல காரியம். காலிகோ அட்டைக்குள் கிடந்ததை வேலூரிலிருந்தும் படிக்கலாம், வியன்னாவிலிருந்தும் படிக்கலாம்; பார்த்து எழுதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் ஆய்வேட்டோடு அந்தப் பின்னிணைப்பும் போகிறது. குரல் போகவில்லை; குரலுக்குரியவரின் பெயரும் சாதியும் ஊரும் போகின்றன. காக்க வேண்டியதைத் தொலைத்துவிட்டு, மறைக்க வேண்டியதை உலகத்துக்குத் திறந்துவைத்திருக்கிறோம். தன் பெயர் இப்படிப் போகும் என்று அந்தக் கிணற்று மேட்டில் யாரிடம் கேட்டார்கள்? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டமும் ஆராய்ச்சிக்கும் ஆவணப்படுத்தலுக்கும் நிபந்தனைகளோடு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

விஞ்ஞான உலகம் 2016இல் ஒரு சூத்திரம் வகுத்தது: தரவைத் தேடினால் கிடைக்க வேண்டும், அணுக முடிய வேண்டும், பிற தரவோடு இசைய வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். இதில் தரவைக் கொடுத்தவர் எங்கே என்று கேட்ட பழங்குடித் தரப்பு ஆய்வாளர்கள், 2019இல் வேறொரு நான்கைப் பக்கத்தில் வைத்தார்கள்: சமூகத்துக்குப் பயன், அவர்களிடமே கட்டுப்பாடு, பொறுப்பு, அறம். இரண்டும் மோதுவதாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்பது ஒன்று, திறப்பது ஒன்று. எல்லாவற்றையும் காக்கலாம். திறப்பதைக் கொடுத்தவரோ அவர் வழிவந்தவரோ சொல்லட்டும். அந்தப் பெயர் உள்ள நாடாவை முப்பது வருடம் பூட்டிவைக்கலாம். மகளுக்கு ஒரு பிரதி அன்றைக்கே போயிருக்கலாம்.

நம் துறைகள் பூட்டிவைப்பது இதற்காக அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 'குடுத்தா அடிச்சுட்டுப் போயிருவானுங்க' என்பதே அங்கே கேட்கிற காரணம். யார் எதை அடிப்பார்கள்? அந்தப் பாட்டு முதலில் இவர்களுடையதா? இன்னொருவர் கேட்டால் தன் பெயர்ப்பில் உள்ள பிழை தெரிந்துவிடும் என்பது சொல்லப்படாத காரணம். இந்தப் பூட்டை அறம் என்று அழைக்க நான் தயாராக இல்லை.

கேட்பது பெரிய கட்டடமோ புதிய நிறுவனமோ அல்ல. நெறியாளர் கையெழுத்துப் போடும் முன் பதிவுகளின் பிரதி நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டதற்கு ஒரு சீட்டு. பாடியவர் என்னென்ன நிபந்தனை சொன்னார் என்று அவர் பேச்சிலேயே பதிந்த இரண்டு நிமிடம். இணையத்துக்குப் போகும் பிரதியில் பட்டியல் இல்லாமல், நூலகப் பிரதியில் மட்டும் பட்டியல். பாடக்குழு ஒருநாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

பழைய நாடாக்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. 2019இல் யுனெஸ்கோவும் ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் காந்தநாடாக்கள் குறித்து எச்சரிக்கை விடுத்தன. பெருமளவில் ஓடவைத்துப் பிரதி எடுப்பதற்கான கருவிகளும் உதிரிபாகங்களும் 2025 வாக்கில் அருகிவிடும் என்று துறையினர் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கெடு வந்தேவிட்டது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் வீட்டுப் பரண்களில் இன்னும் பெட்டி பெட்டியாக இருக்கிறது, பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒரு பெட்டியை இறக்கினால், ஆசையில் உடனே பிளேயரில் போட்டுவிட வேண்டாம். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் அது கருவியின் தலையில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் போகும். காய்ந்த இடத்தில் நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பாடியது என்பது அந்தச் சீட்டில் மட்டும்தான் இருக்கும்.